திருமணம் ஆகாத பெற்றோரின் பிள்ளை: சட்டத்தில் என்ன உரிமை, எந்த வரிசையில் கேட்பது

ஒருவருக்கு மனைவி உயிரோடு இருக்கிறார். அதை மறைத்தோ மறைக்காமலோ இன்னொரு பெண்ணுக்குக் கோயிலில் வைத்துத் தாலி கட்டுகிறார். அவர்களுக்கு ஒரு மகள். வேறொரு ஊரில், எந்தத் திருமணத் தடையும் இல்லாத இருவர் காதலிக்கிறார்கள். கர்ப்பம் என்று தெரிந்ததும் ஆண் காணாமல் போகிறார். அவர்களுக்கும் ஒரு மகள். தகப்பன் உயில் எழுதாமல் இறந்தால், இந்த இரண்டு பெண்களில் அவர் சொத்தில் பங்கு யாருக்கு?

முதல் பெண்ணுக்கு. செல்லாத கல்யாணமாக இருந்தாலும் பரவாயில்லை, ஏதோ ஒரு கல்யாணம் நடந்திருக்க வேண்டும். கல்யாணமே நடக்கவில்லை என்றால் இந்து வாரிசுரிமைச் சட்டம் அந்தப் பிள்ளைக்குத் தாயை மட்டுமே உறவாகக் காட்டுகிறது. எனக்கு இது நியாயமாகப் படவில்லை. ஆனால் நீதிமன்றப் படியேறும்போது நியாயம் எது என்பதைவிட எந்தக் கதவு திறந்திருக்கிறது என்பதுதான் முதலில் தெரிய வேண்டும். சோற்றுக்கும் படிப்புக்கும் ஒரு கதவு, சொத்துக்கு வேறு கதவு. இரண்டையும் குழப்பிக்கொண்டு, "சொத்து கிடைக்காதாம்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு மாதாமாதம் வர வேண்டிய பணத்தையும் கேட்காமல் விட்டவர்கள் நிறைய.

இங்கே சொல்வது தமிழ்நாட்டில் இருப்பவர்களை மனதில் வைத்தது. பெரும்பாலும் இந்துச் சட்டம். முஸ்லிம், கிறிஸ்தவர்களுக்கு மாறுகிற இடத்தில் தனியாகச் சொல்கிறேன்.

1. உண்மையிலேயே திருமணம் நடக்கவில்லையா என்று பாருங்கள்

எல்லாவற்றுக்கும் முந்திய படி இதுதான். "நாங்க பதிவு பண்ணல, ஐயர் வைக்கல, அதனால அது கல்யாணம் இல்ல" என்று நினைப்பவர்கள் பலர் சட்டப்படி கணவன் மனைவியாக இருக்கிறார்கள்.

அண்ணா ஆட்சியில் 1967இல் இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. சுயமரியாதைத் திருமணத்துக்கான பிரிவு அது, தமிழ்நாட்டுக்கே உரியது. இரண்டு இந்துக்கள், உறவினரோ நண்பரோ வேறு யாரோ முன்னிலையில், ஒருவரையொருவர் துணையாக ஏற்பதாகச் சொன்னால் போதும். மாலை மாற்றினாலும், மோதிரம் அணிவித்தாலும், தாலி கட்டினாலும் போதும். புரோகிதர் வேண்டாம், ஓமம் வேண்டாம், மண்டபம் வேண்டாம். வழக்கறிஞர் அலுவலகத்தில் நடந்தால் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2014இல் சொல்லியிருந்தது. அதை உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் ஒதுக்கிவிட்டது. திருமணத்தைப் பதிவு செய்வது 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டாயம்தான். ஆனால் பதிவு செய்யவில்லை என்பதாலேயே நடந்த திருமணம் இல்லாததாகிவிடாது.

ஆகவே நண்பர்கள் நாலு பேர் முன்னிலையில் மாலை மாற்றியிருந்தால், அந்தப் படத்தையும் அந்த நாலு பேரையும் தேடுங்கள். உங்கள் பிள்ளைக்கு இந்தக் கட்டுரையே தேவைப்படாமல் போகலாம். ஒரு எச்சரிக்கை: 7-ஏ இரண்டு இந்துக்களுக்கு மட்டும். ஒருவர் இந்து, மற்றவர் கிறிஸ்தவர் அல்லது முஸ்லிம் என்றால் கோயிலில் தாலி கட்டியது இந்துத் திருமணம் ஆகாது. அவர்களுக்குப் பொதுவான வழி சிறப்புத் திருமணச் சட்டம்.

எந்தச் சடங்கும் இல்லாமல், ஆனால் ஒரே வீட்டில் பல ஆண்டுகள் புருஷன் பெண்டாட்டியாக வாழ்ந்திருந்தால்? நீண்ட காலம் சேர்ந்து வாழ்ந்த ஆணையும் பெண்ணையும் கணவன் மனைவி என்றே சட்டம் அனுமானிக்கும். இல்லை என்பவர்தான் நிரூபிக்க வேண்டும். 2022 ஜூனில் கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த அனுமானத்தின் பேரில்தான் மகனுக்குக் குடும்பச் சொத்தில் பங்கு கொடுத்தது. ரேஷன் கார்டு, வாக்காளர் பட்டியல், வாடகை ஒப்பந்தம், பிரசவத்தின்போது மருத்துவமனையில் போட்ட "கணவர்" கையெழுத்து, எல்.ஐ.சி. நாமினி என்று ஊரும் அரசும் உங்களைத் தம்பதியாகப் பார்த்ததற்கான காகிதங்கள்தான் இங்கே சாட்சி. ஆனால் இருவரில் ஒருவருக்கு ஏற்கெனவே உயிரோடு துணை இருந்தால் இந்த அனுமானம் நிற்காது. 2010இல் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் அப்படித்தான் ஆனது. பெண்ணுக்கு முந்தைய திருமணம் இருந்ததால், சேர்ந்து வாழ்ந்தவரின் பூர்வீகச் சொத்தில் பிள்ளைகளுக்குப் பங்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் முடித்தது.

இந்தப் படியின் முடிவில் உங்கள் பிள்ளை எந்த வகை என்று தெரிந்திருக்க வேண்டும்: திருமணம் உண்டு அல்லது அனுமானிக்கலாம், திருமணம் நடந்தது ஆனால் செல்லாது, திருமணமே இல்லை. சொத்துப் படியில் இது திரும்ப வரும்.

2. பிறப்புப் பதிவு

21 நாளுக்குள் பதிவு செய்தால் கட்டணம் இல்லை. 30 நாள் வரை தாமதக் கட்டணம். அதற்கு மேல் ஓராண்டு வரை அதிகாரியின் எழுத்து அனுமதி. ஓராண்டு தாண்டினால் நிர்வாகத்துறை நடுவரின் உத்தரவு வேண்டும். மருத்துவமனைப் பிரசவம் என்றால் தகவல் கொடுப்பது மருத்துவமனையின் கடமை. பெயர் முடிவாகவில்லை என்று பதிவைத் தள்ளிப்போடாதீர்கள். பெயரை 12 மாதம் வரை கட்டணமின்றியும், 15 ஆண்டு வரை கட்டணத்தோடும் சேர்க்கலாம்.

தகப்பன் பெயர்க் கட்டத்தில் என்ன எழுதுவது என்பதில்தான் எல்லாரும் தடுமாறுகிறார்கள். திருமணமாகாத தாய் பிறப்புச் சான்று கேட்டால் அவரிடம் ஒரு பிரமாணப் பத்திரம் மட்டும் வாங்கிக்கொண்டு கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2015 ஜூலை 6 அன்று சொல்லிவிட்டது. தாயின் பெயர் வெளிவராமல் இருக்க "ஏபிசி" என்றே அந்த வழக்குக்குத் தலைப்பு. தகப்பன் யார் என்று சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. 2018இல் திருச்சிப் பெண் ஒருவர் செயற்கைக் கருவூட்டல் மூலம் பெற்ற குழந்தைக்குத் தகப்பன் கட்டத்தை வெறுமையாக விட்டுச் சான்று தரும்படி மதுரைக் கிளை உத்தரவிட்டது.

ஆக, வெறுமையாக விடலாம். தகப்பன் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடத் தயார் என்றால் உடனே அவர் பெயரைச் சேருங்கள். மனம் மாறினால் பிறகு கிடைக்காது. ஆனால் மானத்துக்குப் பயந்து தாய்மாமன் பெயரையோ கற்பனைப் பெயரையோ மட்டும் எழுதிவிடாதீர்கள். பிற்பாடு ஜீவனாம்ச வழக்கில் எதிர்த் தரப்பு வக்கீல் முதலில் நீட்டுகிற காகிதம் அதுவாகத்தான் இருக்கும்.

அலுவலகத்தில் "மேரேஜ் சர்டிபிகேட் இல்லாம முடியாதும்மா" என்றால் சண்டை போட வேண்டாம். மறுப்பை எழுத்தில் கேளுங்கள். பதிவாளரின் முடிவை எதிர்த்து 30 நாளுக்குள் மாவட்டப் பதிவாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். 2023 திருத்தத்தில் வந்த வசதி இது. எழுத்தில் கேட்டாலே பாதி இடங்களில் பேச்சு மாறிவிடும்.

3. காப்பாளர் யார்

தாய்தான். இந்து இளவர் (மைனர்) மற்றும் காப்பாளர் சட்டம், 1956, பிரிவு 6: திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைக்கு முதல் இயற்கைக் காப்பாளர் தாய், அவருக்குப் பிறகே தகப்பன். திடீரென்று ஒரு நாள் அவர் வந்து "என் பிள்ளையக் குடு" என்றால் இந்த வரிசையைக் காட்டலாம். பிள்ளையின் நலன் என்ற அளவுகோல் மட்டும் எப்போதும் நீதிமன்றத்தின் கையில் இருக்கும். மேலே சொன்ன 2015 தீர்ப்பில் தாய் கிறிஸ்தவர். 1890ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டத்தின் கீழ் தகப்பனுக்கு நோட்டீஸ் அனுப்பாமலே அவரைக் காப்பாளராக நியமிக்கலாம் என்பதுதான் அங்கே முடிவானது.

4. ஜீவனாம்சம்: தள்ளிப்போடக் கூடாத கதவு

பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவாக இருக்கிறது. எண் மாறியதே தவிர உயிர் மாறவில்லை. தன்னைக் காத்துக்கொள்ள முடியாத 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளையை, அது திருமணத்துக்குள் பிறந்ததோ வெளியே பிறந்ததோ, வசதி உள்ள தகப்பன் காப்பாற்றியாக வேண்டும். மதம் பார்க்காத சட்டம் இது. இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் எல்லாருக்கும் ஒன்றே. உடல் அல்லது மனக் குறைபாடு உள்ள பிள்ளைக்கு 18க்குப் பிறகும் தொடரும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இது பிள்ளையின் உரிமை, தாயுடையது அல்ல. ஊர்ப் பஞ்சாயத்தில் மொத்தமாக ஒரு தொகையை வாங்கிக்கொண்டு "இனி எந்தப் பாத்தியதையும் இல்லை" என்று தாய் எழுதிக் கொடுத்திருந்தாலும் பிள்ளையின் வாயை அந்தக் காகிதம் அடைக்காது. தாய் வேறொருவரைத் திருமணம் செய்துகொண்டாலும் பெற்றவரின் கடமை போகாது. தாய் சம்பாதிக்கிறார் என்பதும் தகப்பனை முழுதாக விடுவிக்காது.

மனு எங்கே? குடும்ப நல நீதிமன்றம் உள்ள ஊரில் அங்கே, இல்லாத இடத்தில் நீதித்துறை நடுவர் நீதிமன்றத்தில். மனைவி என்றால் தான் வசிக்கும் ஊரிலேயே போடலாம். திருமணமாகாத தாய்க்கு அந்த வாசகம் நேராகப் பொருந்தாததால், தகப்பன் இருக்கும் ஊரிலோ, இருவரும் கடைசியாகச் சேர்ந்து வசித்த ஊரிலோ போடுவது பத்திரம். சேர்ந்து ஒரே வீட்டில் வாழ்ந்தவர் என்றால் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழும் பிள்ளைக்குப் பணம் கேட்கலாம். அதைத் தாய் தற்போது இருக்கும் ஊரிலேயே போடலாம்.

மனுவோடு இடைக்கால ஜீவனாம்சத்துக்கும் சேர்த்தே கேளுங்கள். மறந்தால் பிரதான வழக்கு முடியும்வரை கையில் ஒன்றும் வராது. நோட்டீஸ் எதிர்த் தரப்பின் கைக்குப் போய்ச் சேர்ந்த 60 நாளுக்குள், கூடியவரை, இடைக்கால மனுவை முடிக்க வேண்டும் என்பது சட்டம். வராந்தாவில் காத்திருப்பவர்களுக்கு அந்தக் "கூடியவரை"யின் நீளம் தெரியும். 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இரண்டு நல்ல காரியம் செய்தது: இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் காட்ட வேண்டும், தொகை மனுப் போட்ட தேதியிலிருந்தே கணக்காக வேண்டும். தொகைக்கு உச்சவரம்பு இல்லை. 500 ரூபாய் என்ற பழைய வரம்பு 2001லேயே போய்விட்டது. ஆகவே பால், டயப்பர், தடுப்பூசி, வாடகையில் பிள்ளையின் பங்கு, பள்ளிக் கட்டணம் என்று கணக்கெழுதிக் கொண்டுபோங்கள். தோராயமாகக் கேட்டால் தோராயமாகத்தான் கிடைக்கும்.

உத்தரவு வந்த பிறகு கட்டவில்லையென்றால் வாரண்ட். ஒவ்வொரு மாதப் பாக்கிக்கும் ஒரு மாதம் வரை சிறை. ஜெயிலுக்குப் போய்வந்தால் கடன் தீர்ந்தது என்று சிலர் நினைக்கிறார்கள், தீராது. ஆனால் பாக்கியை வசூலிக்கும் மனுவை, தொகை சேர வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் போட வேண்டும். இரக்கப்பட்டு இரண்டு வருஷம் விட்டால் முதல் வருஷப் பாக்கிக்கு இந்த வழி அடைபட்டுவிடும்.

"என் பிள்ளையே இல்ல" என்றால்

பெரும்பாலும் இதுதான் முதல் பதில். சேர்ந்து எடுத்த படங்கள், அனுப்பிய பணத்தின் வங்கிக் கணக்கு, மருத்துவமனைப் பதிவு, "டாக்டர் என்ன சொன்னாங்க?" என்று கேட்ட வாட்ஸ்அப் செய்தி ஆகியவற்றைக் கோபத்தில் அழித்துவிடாதீர்கள், போனை விற்காதீர்கள். மின்னணு ஆதாரத்தைத் தாக்கல் செய்ய அதற்குரிய சான்றிதழும் வேண்டும், வக்கீலிடம் நினைவூட்டுங்கள்.

டி.என்.ஏ. பரிசோதனை கேட்டவுடன் கிடைப்பதல்ல. 1993இலிருந்தே உச்ச நீதிமன்றம் இதைச் சர்வசாதாரணமாக உத்தரவிடக் கூடாது என்று சொல்லிவருகிறது. முதல் பார்வைக்கே வலுவான அடிப்படை இருக்க வேண்டும். உத்தரவிட்டும் அவர் வராவிட்டால், உண்மை அவருக்கு எதிரானது என்று நீதிமன்றம் ஊகிக்கலாம். அரசியல்வாதி என்.டி. திவாரிதான் தன் தகப்பன் என்று நிரூபிக்க ரோகித் சேகர் என்பவர் வருஷக்கணக்கில் போராடி, 2012இல்தான் டி.என்.ஏ. முடிவு வெளிவந்தது. முன்னாள் முதலமைச்சருக்கு எதிராகவே அது நடந்தது என்பதை நினைவில் வையுங்கள்.

ஒரு முடிச்சு மட்டும் அவிழ்ப்பது கடினம். பிள்ளை பிறக்கும்போது தாய்க்கு வேறொருவரோடு செல்லுபடியாகும் திருமணம் இருந்தால், சட்டத்தின் கண்ணில் அந்தக் கணவர்தான் தகப்பன். மணமுறிவுக்குப் பின் 280 நாளுக்குள் பிறந்தாலும், தாய் மறுமணம் செய்யாதவரை, அப்படியே. இருவரும் கூடியிருக்க வாய்ப்பே இல்லை என்று நிரூபித்தால் ஒழிய இதை உடைக்க முடியாது. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதையே மறுபடி உறுதிப்படுத்தியது. பிரிந்து வாழ்ந்தாலும் முதல் திருமணத்தை நீதிமன்றத்தில் முடிக்காமல் வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

5. சொத்து

தாய் வழியில் சிக்கலே இல்லை. தாயின் சொத்தில் இந்தப் பிள்ளைக்கு முழுப் பங்கு உண்டு. தாய் பிறகு திருமணம் செய்து வேறு பிள்ளைகள் பெற்றாலும் எல்லாருக்கும் சமம்.

தகப்பன் வழியில் முதல் படியில் பிரித்த வகைதான் விடை. திருமணம் உண்டு, அல்லது அனுமானிக்கலாம் என்றால் மற்றப் பிள்ளைகளைப் போலவே எல்லா உரிமையும்.

திருமணம் நடந்தது, ஆனால் முதல் மனைவி இருந்ததால் செல்லாது என்றால் இந்துத் திருமணச் சட்டத்தின் 16ஆம் பிரிவு பிள்ளையைச் சட்டப்படியான பிள்ளையாக்குகிறது. உரிமை பெற்றோரின் சொத்தில் மட்டும். பூர்வீகச் சொத்து "பெற்றோரின் சொத்து" ஆகுமா என்ற இழுபறி பல ஆண்டு நடந்தது. 2023 செப்டம்பர் 1 அன்று, ரேவணசித்தப்பா வழக்கில், தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலான மூவர் அமர்வு அதை முடித்தது. தகப்பன் இறப்பதற்குச் சற்று முன் பாகப்பிரிவினை நடந்ததாகப் பாவித்து, அவர் பங்குக்கு வந்திருக்கக்கூடியதில் இந்தப் பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு. பிறப்பாலேயே பூர்வீகச் சொத்தில் பங்காளி ஆகிவிட மாட்டார்கள்.

கணக்காகப் பார்த்தால் புரியும். பூர்வீக நிலம் 6 ஏக்கர், பிரிக்காதது. தகப்பன், முதல் மனைவி, அவருக்கு ஒரு மகன். இரண்டாவதாகத் தாலி கட்டியவரிடம் ஒரு மகள். தகப்பனின் தாய் இப்போது இல்லை. பாவனைப் பிரிவினையில் தகப்பனுக்கு 3, முதல் மகனுக்கு 3. தகப்பனின் 3 ஏக்கர் முதல் மனைவி, மகன், இந்த மகள் மூவருக்கும் ஆளுக்கு 1. ஆக முதல் மகனுக்கு மொத்தம் 4, முதல் மனைவிக்கு 1, இந்த மகளுக்கு 1. இரண்டாவதாக மணந்தவருக்கு ஒன்றும் இல்லை. தகப்பன் உயிரோடு இருக்கும்போது இந்த மகள் பாகம் கேட்டு வழக்குப் போட முடியாது. அவரின் சுயசம்பாத்தியம் என்றால் மூவருக்கும் நேரடியாகச் சம பங்கு.

ஆகவே கோயில் ரசீது, தாலி கட்டிய படம், பத்திரிகை எல்லாம் இங்கே நிலப்பத்திரத்துக்குச் சமம். "செல்லாத கல்யாணத்துக்கு எதுக்கு ஆதாரம்" என்று கிழித்துப் போட்டவர்களின் பிள்ளைகள்தான் நஷ்டப்படுகிறார்கள்.

திருமணமே இல்லை என்றால், உயில் இல்லாமல் இறந்த தகப்பனின் சொத்தில் இந்து வாரிசுரிமைச் சட்டம் பங்கு தருவதில்லை. இந்துத் தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டம் மட்டும் ஒரு கைப்பிடி கொடுக்கிறது: தகப்பன் விட்டுப்போன சொத்தை எடுத்துக்கொண்ட வாரிசுகள், மகனுக்கு 18 வயது வரையும், மகளுக்குத் திருமணம் வரையும் அந்தச் சொத்திலிருந்து பராமரிப்புத் தர வேண்டும். இதைக் கேட்பவர் மிகக் குறைவு. உத்தராகண்டின் பொதுச் சிவில் சட்டம் 2025 ஜனவரியில் அமலானபோது, சேர்ந்து வாழ்பவர்களின் பிள்ளையைச் சட்டப்படியான பிள்ளை என்று எழுதிவிட்டது. அந்தச் சட்டத்தின் மற்றப் பகுதிகளில் எனக்கு உடன்பாடு இல்லை, இந்த வரியில் உண்டு.

முஸ்லிம்களில் ஹனஃபி முறைப்படி தாயிடமிருந்தும் தாய்வழி உறவிடமிருந்தும் மட்டுமே வாரிசுரிமை. கிறிஸ்தவர்களுக்குப் பொருந்தும் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தில் "பிள்ளை" என்ற சொல்லைத் திருமணத்துக்குள் பிறந்தவர் என்றே நீதிமன்றங்கள் பெரும்பாலும் படித்து வந்திருக்கின்றன.

6. தகப்பனுக்கு மனம் இருந்தால்: உயில்

மேலே சொன்ன அத்தனை முடிச்சையும் ஒரு உயில் வெட்டிவிடும். இரண்டு சாட்சிகள் போதும். பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் செய்துவிடுங்கள். சுயசம்பாத்தியம் முழுதையும், பூர்வீகத்தில் தன் பங்கையும் யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். "என் பிள்ளைகளுக்கு" என்று பொதுவாக எழுத வேண்டாம். கிறிஸ்தவர் உயிலில், வேறு எண்ணம் தெரியாவிட்டால், அந்தச் சொல் திருமணத்துக்குள் பிறந்தவரையே குறிக்கும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, தாயின் பெயர் எல்லாம் எழுதுங்கள். முஸ்லிம் தகப்பன் மூன்றில் ஒரு பங்குவரை உயில் எழுதலாம். இந்தப் பிள்ளை அவருக்கு வாரிசு அல்ல என்பதாலேயே, அந்த அளவுக்கு மற்ற வாரிசுகளின் சம்மதம் தேவைப்படாது. உயிலை மாற்றிவிடுவாரோ என்ற பயம் இருந்தால் பதிவு செய்த தான செட்டில்மென்ட் கேளுங்கள்.

7. தகப்பன் இறந்துவிட்டால்

வாரிசுச் சான்றுக்குத் தாசில்தாரிடம் போவீர்கள். முதல் குடும்பம் ஆட்சேபித்தால் அவர் முடிவு சொல்ல மாட்டார், சிவில் நீதிமன்றத்துக்குப் போகச் சொல்வார். அங்கே மாதக்கணக்கில் அலைவதைவிட நேராக நீதிமன்றம் போவது மேல். அரசு வேலையில் இருந்தவர் என்றால், பணப்பலன்களை நிறுத்தி வைக்கும்படி அலுவலகத்துக்கு உடனே பதிவுத் தபாலில் எழுதுங்கள். இரண்டாவது மனைவியின் பிள்ளை என்ற ஒரே காரணத்தால் கருணை அடிப்படை வேலையை மறுக்கக் கூடாது என்று 2018இல் ரயில்வே வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வேலையிடத்தில் விபத்தில் இறந்தவர் என்றால் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் (2025 நவம்பரில் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அதன் இடத்துக்கு வந்தது), அவரை நம்பியிருந்த திருமணத்துக்கு வெளியே பிறந்த இளவயது மகனையும் திருமணமாகாத மகளையும் சார்ந்தோர் பட்டியலில் பெயர் சொல்லியே சேர்த்திருந்தது.

8. மற்றக் காகிதங்கள்

பாஸ்போர்ட்டுக்கு 2016 டிசம்பர் முதல் பெற்றோரில் ஒருவர் பெயர் போதும். பான் கார்டில், தாய் தனியாக வளர்ப்பவர் என்றால் 2018 டிசம்பர் முதல் தகப்பன் பெயர் கட்டாயமில்லை. இனிஷியல் தகப்பனுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. தாயின் எழுத்தைப் போடலாம், பிறப்புச் சான்றிலிருந்து எல்லா இடத்திலும் ஒன்றாக இருந்தால் சரி.

வளர்க்கவே முடியாத நிலை என்றால் யாரிடமும் ரகசியமாகக் கொடுத்துவிடாதீர்கள், குற்றமாகிவிடும். குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு அழைத்தால் குழந்தைகள் நலக் குழுவிடம் சேர்ப்பார்கள். ஒப்படைத்த பின்னும் 60 நாள் வரை தாய் மனம் மாறித் திரும்பக் கேட்கலாம்.

9. வக்கீலுக்குப் பணம்

பெண்ணுக்கும் குழந்தைக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு. ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, தொலைபேசி எண் 15100. போகும்போது பிள்ளையின் பிறப்புச் சான்று, உங்கள் ஆதார், அவரின் முகவரியும் வேலை விவரமும், ஆதாரங்களின் நகல் ஒரு கோப்பு. அசலை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள்.